அக்கூர்சியோவைக் கூப்பிடாதீர்கள்

பிரகாசியின் வீட்டில் சோற்றை மூடிவைப்பதற்கென்றே ஓர் அலுமினியத் தட்டு தனியாக இருந்தது. அவள் புருஷன் கையைக் கழுவிவிட்டுப் பாயில் உட்காருவான், அவள் சோற்றைப் போட்டு மீன்குழம்பை ஊற்றுவாள், அவன் பிசைந்து முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோவான், அந்த நேரம் பார்த்துக் கடலிலோ ரோட்டிலோ பனைமரத்தின் உச்சியிலோ நின்றுகொண்டு யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள், பாயில் ஆள் இருக்கமாட்டான். கல்யாணமான புதிதில் அவள் அலறினாள், பிறகு கொஞ்சகாலம் அழுதாள், பிறகு வெகுகாலம் திட்டினாள், இப்போது தட்டால் சோற்றை மூடி, பூனைக்குப் பயந்து அதன்மேல் அம்மிக்குழவியை வைத்துவிட்டுத் தன் சோற்றைத் தின்னப் போய்விடுகிறாள்.

போவதற்கு அவனுக்குக் கண் இமைக்கும் நேரம் போதும். திரும்பி வருவதுதான் அவன் பாடு. கூப்பிட்டவர்களால் வரவழைக்கத்தான் முடியுமே தவிர அனுப்பிவைக்க முடியாது. அதனால் அவன் நடந்தும், பஸ்ஸில் தொங்கியும், ஐஸ் ஒழுகும் மீன்லாரியில் பெட்டிகளோடு பெட்டியாகக் குந்தியும், எந்தெந்த ஊரிலிருந்தெல்லாமோ புன்னைத்துறைக்கு வந்து சேருவான். ஒருமுறை மராட்டியக் கடலில் நின்ற விசைப்படகு ஒன்றிலிருந்து ஊர்க்காரப் பையன் கூப்பிட்டுவிட்டான். போய் நின்று, இயந்திரத்தில் சிக்கிய கையை எடுத்துவிட்டு, துணியைக் கிழித்துக் கட்டும் போட்டாயிற்று. ஆனால் படகு வந்த காரியத்தை முடித்துக்கொண்டு கரை சேரும்வரை அவனும் அவர்களோடு வலை இழுத்துக்கொண்டு கிடந்தான். வீட்டுக்கு வந்தபோது தாடி மார்புவரை இருந்தது, பிரகாசி யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்து வாசலில் நிற்கவைத்துவிட்டாள்.

இதெல்லாம் பெயரால் வந்த வினை. அவன் பெயர் அக்கூர்சியோ.

அவன் பிறந்த காலத்தில் புன்னைத்துறையில் இத்தாலிக்காரர் ஒருவர் பங்குச் சாமியாராக இருந்தார். கலோஜரோ சாமியார் என்று பெயர். தமிழ் நன்றாகப் பேசுவார், கருவாட்டை மட்டும் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. பிள்ளைக்குச் சகாயம் என்று பெயர்வைக்க வேண்டுமென்று தாய்க்காரி நேர்ந்திருந்தாள். ஆனால் கடற்கரையில் நின்று சகாயம் என்று ஒரு சத்தம் கொடுத்தால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும், மீதி ஊர் தன் அப்பனையோ மகனையோ தேடும். அதே அர்த்தத்தில் ஊரில் எவனுக்கும் இல்லாத பெயராக ஒன்று சொல்லுங்கள் சாமி என்று கேட்டாள். சாமியாருக்குத் தன் ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் தீவில், சிசிலியில், இதே மாதிரி ஒரு மீன்பிடி ஊர் இருக்கிறது, அங்கே சகாய மாதாதான் பாதுகாவல், கையில் தடியோடு பேயை விரட்டுகிற மாதா, அந்த மாதாவை நினைத்து அந்த ஊர்க்காரர்கள் ஆண்பிள்ளைகளுக்கு அக்கூர்சியோ என்று வைப்பார்கள், அங்கே தெருவுக்கு நாலு அக்கூர்சியோ உண்டு, கடல் தாண்டி இத்தாலியின் மற்ற ஊர்களுக்குப் போனால் அப்படி ஒருவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றார்.

அர்த்தம் என்ன சாமி என்று தாய் கேட்டாள்.

"பழைய லத்தீன் வார்த்தை. ஓடி வருகிறவன் என்று அர்த்தம். உதவி செய்வதெல்லாம் பிறகு. முதலில் ஓடி வர வேண்டும் அல்லவா?"

அந்தப் பெயரில் புனிதர் யாராவது உண்டா என்று அவள் விடாமல் கேட்டாள். உண்டு என்றார் சாமியார். எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஐந்து துறவிகள் வேதம் போதிக்க மொராக்கோவுக்குப் போனார்கள், போகாதே என்று சொன்னவர்கள் சொல்லைக் கேட்கவில்லை, அங்கே அரசன் ஐந்து பேரின் தலையையும் வெட்டினான், அதில் ஒருவர் அக்கூர்சியோ. அவள் பிள்ளையின் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாளாம். இருந்தாலும் சகாயம் என்று வைத்துக் கும்பலில் கரைந்துபோவதைவிட இது மேல் என்று பட்டது, தண்ணீர் ஊற்றியாயிற்று.

பிள்ளை தவழ்கிற பருவத்தில் முதல் சம்பவம் நடந்தது. தாய்மாமன் சூசை போன கட்டுமரம் கவிழ்ந்து, மரம் ஒரு பக்கம் அவன் ஒரு பக்கமாக அலை பிரித்துவிட்டது. நீந்திக் கை ஓய்ந்து, இனி முடியாது என்று விட்டுவிடப் போன நேரத்தில், மாதாவையும் கூப்பிடாமல் பெண்டாட்டியையும் கூப்பிடாமல், அன்று காலையில் தன் மீசையைப் பிடித்து இழுத்த மருமகனின் பெயரைத்தான் அவன் வாய் சொன்னது. சொன்னதும் பிள்ளை அவன் கையில் இருந்தது. தொட்டில் சூடு மாறாத உடம்போடு, கண்மை இட்ட முகத்தோடு, உப்புத்தண்ணீர் பட்டு வீறிட்டுக்கொண்டு. சூசை என்ன செய்வான்? தான் சாகலாம் என்று முடிவெடுத்தவனுக்குப் பிள்ளையைச் சாகவிட உரிமை இல்லை. கெட்ட வார்த்தைகளாகச் சொல்லிக்கொண்டே, பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, எங்கிருந்தோ வந்த பலத்தில் ஒற்றைக் கையால் கரைவரை நீந்தினான். கரையில் தாய்க்காரி காலித் தொட்டிலைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டு நின்றாள். அன்றே ஊர் விஷயத்தைப் புரிந்துகொண்டது. ஆச்சரியப்பட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைவரை ஆச்சரியப்பட்டார்கள். திங்கட்கிழமை காலையில் கிணற்றில் விழுந்த ஆட்டுக்காக ஒருத்தி கூப்பிட்டுப் பார்த்தாள்.

ஆட்டுக்கு வரவில்லை. வாய் மட்டும் கூப்பிட்டால் அவன் வருவதில்லை, வயிறும் சேர்ந்து கூப்பிட வேண்டும் என்பது அப்படித்தான் தெரிந்தது. ஆனால் மனிதர்களுக்கு வயிறு எதற்கெல்லாம் கலங்கும் என்று எந்தச் சாமியாரால் சொல்ல முடியும்? மகளின் நிச்சயதார்த்தம் முறிகிற நேரத்தில் கலங்குகிறது, அண்ணன் தம்பி அரிவாளை எடுக்கும்போது கலங்குகிறது, ஸ்கூட்டர் மணலில் சறுக்கும்போதும் கலங்கத்தான் செய்கிறது. புன்னைத்துறைப் பிள்ளைகள் சிலுவை போடப் படிக்குமுன்னே அவன் பெயரைச் சொல்லப் படித்தார்கள். வாலிபர்கள் மேகத்தைப் பார்த்துக் காற்றைச் சொல்லும் வித்தையை விட்டார்கள், என்னத்துக்கு, அக்கூர்சியோ இருக்கிறானே. வள்ளங்களில் மிதவைச் சட்டை ஏற்றுவதை விட்டார்கள், அந்த இடத்தில் கூடுதலாக ஒரு ஐஸ்பெட்டி வைக்கலாம். ஆபத்துக்குப் போவதற்கென்று கோயில் செலவில் வாங்கிய பெரிய வள்ளம் மணலில் கிடந்தது, அதில் கோழிகள் அடைகாத்தன. யாராவது தண்ணீரில் தத்தளித்தால் கரையில் நிற்பவர்கள் முன்புபோல வேட்டியை அவிழ்த்துப் போட்டுப் பாய்வதில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, "கூப்பிடுல, கூப்பிடு!" என்று அவனுக்கு யோசனை சொன்னார்கள்.

உண்மையில் அக்கூர்சியோவால் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. ஒல்லி ஆள். நீச்சலும் சுமார். ஆனால் வந்து நிற்பான். முங்குகிறவனுக்குத் தோளைக் கொடுப்பான், சாகப்போகிறவனுக்குக் கையைக் கொடுப்பான், முடியாத இடத்தில் சும்மா கூடவே இருப்பான். வராமல் மட்டும் இருக்கமாட்டான்.

பிரகாசியைப் பெண்கேட்டு வந்தபோது அவளுடைய அம்மா, கூப்பிட்ட குரலுக்கு வருகிற மாப்பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று சொல்லிச் சிரித்தாள். கோயிலில் சாமியார் சொல்லச்சொல்ல, "அக்கூர்சியோவாகிய உம்மை என் கணவராக ஏற்று" என்று பிரகாசி ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைச் சொன்னாள். அவன் ஏற்கெனவே பக்கத்தில் வேர்த்துக்கொண்டு நின்றதால் ஒன்றும் நடக்கவில்லை. அதோடு சரி. அந்தக் கடற்கரையில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லமாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளை விட்டுத்தான் சொல்ல வைப்பாள். இஞ்ச பாருங்க என்பாள், உங்களத்தான் என்பாள், ஊர் முழுக்க அவனைப் பெயர்சொல்லி வரவழைத்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் இஞ்ச பாருங்க என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை உண்டாகி ஏழாம் மாசத்தில் அவளுக்கு வலி கண்டது. அவன் எங்கோ திருச்செந்தூர் ரோட்டில் கவிழ்ந்த வேனுக்கு அடியில் ஒரு கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டு செலின், அவளைவிடப் பத்து வயது மூத்தவள், அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லேன் பிள்ளே, ஒரு தடவ சொல்லிரு, கர்த்தர் ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்று கெஞ்சினாள். பிரகாசி பல்லைக் கடித்துக்கொண்டு இஞ்ச பாருங்க, இஞ்ச பாருங்க என்றுதான் கத்தினாள். வழக்கம் என்பது நாக்கில் போட்ட தையல். பிள்ளை தங்கவில்லை. செலினின் புருஷன் பெர்ணாந்துதான் அதைத் துணியில் சுற்றிக் கல்லறைக்கு எடுத்துப்போனான். மறுநாள் வந்து சேர்ந்த அக்கூர்சியோ, அவள் காலடியில் உட்கார்ந்து, "நீ ஏன் என்னக் கூப்பிடல?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காக அவள் அவனை வெகுகாலம் மன்னிக்கவில்லை.

இப்போது மன்னிக்கவும் கோபிக்கவும் தெம்பில்லை. அவனுக்கு வயது ஐம்பதைத் தொடவில்லை, பார்ப்பதற்கு எழுபது. உள்ளங்கால்கள் வெடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு வருவான், வந்து சுவரில் சாய்வான், சாய்ந்த இடம் ஈரமாக இருக்கும், ஆள் இருக்கமாட்டான். நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மா அவன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இருதயம் ரொம்பப் பலவீனம், இனி ஓட்டம் கூடவே கூடாது, இன்னும் ஒரு அலைச்சல் தாங்காது என்று சொல்லி நிமிர்ந்தார், கட்டிலில் போர்வை மட்டும் கிடந்தது.

பிரகாசி பங்குச் சாமியாரிடம் போனாள். இவர் புதியவர், வாலிபர். "சாமி, அவியளுக்கு வேற பேர் வச்சுத் தாங்க" என்றாள்.

"ஞானஸ்நானம் ஒரு தடவைதாம்மா. அழிச்சு எழுத முடியாது."

"அப்ப அவிய செத்தாத்தான் முடியுமா?"

சாமியார் நல்ல மனிதர், ஊர்க் கமிட்டியைக் கூட்டினார். கமிட்டித் தலைவர் எழுந்து, இனிமேல் அக்கூர்சியோ பெயரை எவனும் வாயெடுத்துச் சொல்லக்கூடாது, சொன்னால் ஊர்விலக்கு என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். சில பெண்கள் பிரகாசியைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தலைவரைத் தெருநாய் ஒன்று துரத்தியது. அவர் கூப்பிட்டார். அக்கூர்சியோ வந்து நாய்க்கும் அவருக்கும் நடுவில் நின்றான். பிறகு அவர் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

அந்த வாரக் கடைசியில் அவன் எங்கிருந்தோ காய்ச்சலோடு வந்து பாயில் விழுந்தான். காலை வெயில் கதவுவழியாக அவன் கால்வரைக்கும் நீண்டு கிடந்தது. கஞ்சிக்கு உலை வைத்துவிட்டுத் திரும்பிய பிரகாசி அவன் உள்ளங்கால்கள் துடிப்பதைப் பார்த்தாள். யாரோ கூப்பிடுகிறார்கள். பாதங்கள் மங்கத் தொடங்கின, அவற்றின் ஊடே பாயின் கோடுகள் தெரிந்தன. ஓடிப்போய்க் காலைப் பிடித்தாள், பிடியில் ஒன்றும் அகப்படவில்லை. அப்போது அவளுக்கு வழக்கம் ஞாபகம் வரவில்லை, ஊர் ஞாபகம் வரவில்லை, ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.

"அக்கூர்சியோ!" என்றாள்.

பாதங்கள் திரும்பி வந்தன. கனத்தோடு, வெடிப்புகளோடு, அழுக்கோடு அவள் கைக்குள் வந்தன. உள்ளங்கால் இன்னொரு தடவை துடித்தது, அவள் மறுபடியும் சொன்னாள், அடங்கியது. ஒருத்தி வயிறு கலங்கிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிற இடத்தை விட்டு அவன் இன்னொரு இடத்துக்குப் போக முடியாது என்பதை நாற்பத்துச் சொச்சம் வருஷமாக ஊரில் எவரும் கண்டுபிடிக்கவில்லை. யார் கண்டுபிடிப்பார்கள்? அவன் வந்த பிறகு அவனைக் கூப்பிடுகிற வேலை யாருக்கு இருந்தது?

அவள் பாயருகே சப்பணம் போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொல்வதுபோல அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கினாள். அக்கூர்சியோ, அக்கூர்சியோ. இத்தனை வருஷம் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்துச் சொல்வதுபோல இருந்தது. முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு இனித்தது, பிறகு வெறும் வேலையாக ஆயிற்று. தெருவில் போன பெண்கள் நின்று கேட்டு, "புருஷன் பேரச் சொல்லிக் கூவுகா பாரு, இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு" என்று மோவாயில் கையை வைத்தார்கள். அவன் ஒருக்களித்துப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு, பிறந்ததிலிருந்து உறங்காத உறக்கமெல்லாம் உறங்கினான். உலைத்தண்ணீர் வற்றி அடுப்பு அணைந்தது, அவள் எழுந்திருக்கவில்லை.

மத்தியானத்துக்குமேல் காற்று திரும்பியது. மேகத்தைப் பார்த்துச் சொல்கிறவர்கள்தான் ஊரில் இல்லையே, வள்ளங்கள் எல்லாம் வெளியே கிடந்தன. கடல் கறுத்து எழும்பியபோது பெண்கள் கடற்கரைக்கு ஓடவில்லை. நேராகப் பிரகாசியின் வாசலுக்கு ஓடி வந்தார்கள். கடலுக்குப் போகாமல் அவன் பாயில் கிடப்பதையும் அவள் விடாமல் கூப்பிடுவதையும் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துபோயிற்று.

"பிரகாசி, நிறுத்துட்டி! எம்புள்ள கெடக்கான் கடல்ல!"

"உனக்கு மட்டுந்தான் புருஷனா? எங்களுக்கெல்லாம் மரக்கட்டையா?"

அவளால் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல வாயெடுத்தால் அவன் போய்விடுவான், போனால் டாக்டரம்மா சொன்னது நடந்துவிடும். கண்ணால் கெஞ்சிக்கொண்டே அக்கூர்சியோ, அக்கூர்சியோ என்றாள். அவன் கால்கள் உறக்கத்திலேயே ஓடின. பாயை உதைத்து உதைத்து, வெயிலில் விட்ட மீன்போலத் துடித்தன. எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று அந்தத் துடிப்பிலேயே அவளுக்குத் தெரிந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செலின் உள்ளே வந்தாள். கத்தவில்லை. பிரகாசியின் முன்னால் முழங்காலில் நின்று அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"பிள்ளே, அவிய போயிருக்காவ. வள்ளம் ஓட்டைன்னு சொன்னேன், கேக்காம போயிருக்காவ. ஒரே ஒரு நிமிசம் வாய மூடு. ஒன் பிள்ளைய அவியதான எடுத்துட்டுப் போனாவ. ஒரு நிமிசம்."

பிரகாசியின் கண்ணிலிருந்து தண்ணீர் செலினின் விரல்களில் இறங்கியது. குரல் ஒருமுறை தடுக்கியது. அந்தத் தடுக்கலில் அவன் பாதம் கணுக்கால்வரை மங்கியது. அவள் அதைப் பார்த்தாள், செலினும் பார்த்தாள். பிரகாசி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அக்கூர்சியோ" என்றாள்.

செலின் கையை எடுத்துக்கொண்டு எழுந்து, கடற்கரையைப் பார்த்து ஓடினாள். ஒருத்தி ஓடியதும் இன்னொருத்தி ஓடினாள். கோழிகளை அடித்து விரட்டிவிட்டு, முட்டைகள் நொறுங்க, பெண்களும் கிழவர்களும் வாலிபச் சாமியாரும் நாய்க்குப் பயந்த தலைவரும் தோள்கொடுத்து அந்தப் பெரிய வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளினார்கள். துடுப்புப் பிடித்து எத்தனை வருஷமாயிற்றோ, கைத்தோல் உரிந்தது, இரண்டுமுறை அலை கரைக்கே திருப்பி எறிந்தது, மூன்றாவது முறை போனார்கள். பொழுது சாயுமுன் ஒவ்வொருவராக இழுத்துக் கொண்டுவந்து மணலில் போட்டார்கள்.

பெர்ணாந்துவைக் கடைசியாகக் கொண்டுவந்தார்கள். அவனுக்கு மட்டும் காலம் தாழ்ந்துவிட்டது. அந்த நேரத்தைப் பிரகாசி அறிவாள். பாயை உதைத்துக்கொண்டிருந்த கால்களில் துடிப்புகள் ஒவ்வொன்றாக அடங்கிவந்து, கடைசியில் ஒரே ஒரு துடிப்பு மட்டும் நின்று நின்று வெகுநேரம் நீண்டு, பிறகு இல்லாமல் போயிற்று.

அன்றிரவும் அவள் நிறுத்தவில்லை. மறுநாள் வெயில் ஏறிய பிறகு அக்கூர்சியோ தானாகவே கண் விழித்தான். முகம் தெளிந்து, கன்னத்தில் பாய்க்கோடு பதிந்து, பத்து வயது குறைந்தவன்போல எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றான். பிரகாசியிடம் குரல் இல்லை. தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. எழுந்து தடுமாறிப் போய்ப் பழையதைப் பிழிந்து வைத்து, வெங்காயத்தை உரித்து வைத்தாள். அவன் தின்றான். ஒரு கவளம், இரண்டு கவளம், எவரும் கூப்பிடவில்லை. அப்போது கோயிலில் சாவுமணி அடித்தது.

"யாரு?" என்றான்.

அவள் பக்கத்து வீட்டைக் கையால் காட்டினாள்.

"பெர்ணாந்து அண்ணனா? கடல்லயா?" அவன் கை தட்டில் நின்றது. தன் கால்களைக் குனிந்து பார்த்தான், காய்ந்து, மணல்கூட ஒட்டாமல் கிடந்த கால்களை. "என்னக் கூப்பிட்டாவளா?"

பிரகாசி தலையை அசைக்க நினைத்தாள். எந்தப் பக்கம் அசைப்பது என்று தெரியவில்லை.

வாசல் இருட்டியது. செலின் வந்திருந்தாள். தலை விரிந்து, முகம் வீங்கி, வலது கையை மூடிப் பிடித்திருந்தாள். அவள் புருஷனை வைத்திருந்த பந்தலிலிருந்து எழுந்து இந்த வீட்டுக்கு நடந்தபோது, மண்ணை வாரித் தூற்றத்தான் போகிறாள், நியாயம்தான் என்று ஊர் வழிவிட்டு ஒதுங்கி நின்றது. விரலிடுக்கு வழியாக மண் உதிர்ந்துகொண்டிருந்தது. பிரகாசி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வரட்டும் என்று தலையைக் குனிந்தாள்.

"மைனி," என்று அக்கூர்சியோ எச்சில் கையோடு எழுந்து நின்றான், அவன் உதடு கோணியது. "அண்ணன் என்னக் கூப்பிட்டாவளா மைனி?"

செலின் அவனைப் பார்த்தாள், உறங்கி எழுந்த அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள், அவன் பின்னால் குனிந்து நின்றவளையும் பார்த்தாள். கையைத் திறந்து மண்ணை வாசலுக்கு வெளியே உதறிவிட்டுச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல மக்கா," என்றாள். "கூப்பிட்டிருந்தா நீ வராம இருந்திருப்பியா?"